புலன் கூருணர்வும் வைட்டமின் மாத்திரையும்

ஆட்டிசம் உள்ள மகனையோ மகளையோ, அண்ணனையோ தங்கையையோ அழைத்துக்கொண்டு காரிமங்கலம் வட்டாரத்திலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. “சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான், ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார மறுக்கிறான், புதுச்சட்டையை உடம்பில் படவிடுவதில்லை. நரம்பில் சத்துக் குறைவா? எந்த வைட்டமின் கொடுத்தால் சரியாகும்?” வேலைக்கோ கல்லூரிக்கோ சென்றுவரும், தம் நிலையைத் தாமே எடுத்துரைக்க வல்ல ஆட்டிசம் உள்ளவர்களும் இதே வினாவை வேறு சொற்களில் கேட்கின்றனர். பலர் வினாவோடு நிற்பதில்லை. மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு மூன்று மாத்திரைப் பட்டைகளையும் கையில் கொண்டுவருகின்றனர்.

இவ்வினாவுக்கான விடையை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆட்டிசத்தோடு இயல்பாக அமைந்த புலன் கூருணர்வைக் குறைக்கும் என்று நிறுவப்பட்ட வைட்டமின் எதுவும் இன்றுவரை இல்லை. எனினும், ஆட்டிசம் உள்ளவருக்கு உண்மையான வைட்டமின் குறைபாடு ஏற்படக்கூடும். அது புலன்களையும் பாதிக்கக்கூடும். மூன்றாவதாக, அளவு மீறிய வைட்டமினும் நரம்பைக் கெடுக்கும். ஆகவே மாத்திரைக்கு முன் நாம் கேட்கவேண்டிய வினா வேறு: “இந்தக் கூருணர்வு நெடுநாளாக உள்ளதா, புதிதாக வந்ததா?” இவ்வொரு வினாவின் முக்கியத்துவத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூருணர்வு என்பது யாது?

காதும் கண்ணும் தோலும் அனுப்பும் செய்திகளை மூளை ஓயாமல் வடிகட்டுகிறது. மின்விசிறியின் ஓசை, சட்டையின் உராய்வு, அடுத்த வீட்டுக் குக்கரின் விசில் ஆகியவற்றைப் பெரும்பாலோரின் மூளை சிறிது நேரத்தில் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இவ்வடிகட்டல் வேறுவிதமாக நிகழ்கிறது. ஒருவருக்கு எல்லா ஓசைகளும் ஒரே வலிமையுடன் வந்து மோதும். மற்றொருவருக்கு உணர்வு மந்தமாக இருக்கும். சூடான பாத்திரத்தைத் தொட்டும் கையை எடுக்கத் தாமதிப்பார். ஒரே மனிதரிடம் ஒரு புலன் கூர்மையாகவும் மற்றொன்று மந்தமாகவும் அமைவதும் உண்டு. பசி, தாகம், சிறுநீர் முட்டுதல், வலி போன்ற உடலின் உட்குறிப்புகளை அறிவதிலும் சிலருக்கு இதே வேறுபாடு காணப்படும்.

1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே உரத்த ஓசைகளைக் கண்டு அஞ்சிய குழந்தைகளைக் குறிப்பிட்டிருந்தார். ஆயினும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் புலனுணர்வு வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான். அதற்கு முன் வளர்ந்து பெரியவர்களான பலருடைய துன்பம் பிடிவாதம் என்றும், செல்லம் என்றும், பயந்த சுபாவம் என்றும் பெயர் பெற்றது. நம் ஊரில் நெடுஞ்சாலை லாரிகளின் ஒலிப்பான், திருவிழா ஒலிபெருக்கி, வாரச்சந்தையின் கூச்சலும் நெரிசலும் கலந்த வாசனை ஆகியவற்றுக்கிடையே வாழும் ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு உழைப்பாகக் கழிகிறது என்பதைக் குடும்பத்தினர் இப்போதாவது உணர்வது நன்று.

வைட்டமின் நம்பிக்கை வந்த வழி

ஆட்டிசத்துக்கு வைட்டமின் கொடுக்கும் பழக்கம் நேற்று முளைத்தது அன்று. அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் தாய்மாரைக் குற்றஞ்சாட்டிவந்த காலத்தில், 1964இல் நூல் எழுதி அக்கருத்தை எதிர்த்தவர். அவ்வகையில் பெற்றோர் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். பின்னர் அவர் வைட்டமின் பி6ஐயும் மெக்னீசியத்தையும் மிகுந்த அளவில் கொடுக்கும் முறையை ஆதரித்தார். அவர்மீது பெற்றோர் வைத்திருந்த நன்மதிப்பு அம்முறை பரவுவதற்குத் துணைசெய்தது.

ஆனால் நன்மதிப்பு வேறு, சான்று வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2005இல் வெளியிட்ட திறனாய்வில், இம்முறை குறித்துக் கணக்கில் கொள்ளத்தக்க ஆய்வுகள் மூன்று மட்டுமே இருந்தன. அவற்றில் பங்கேற்றவர்களும் மிகச் சிலரே. ஆகவே இம்முறையைப் பரிந்துரைக்க இயலாது என்று அத்திறனாய்வு முடிவு கூறியது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவத் தர நிறுவனம் ஆட்டிசம் உள்ள வயதுவந்தோருக்காக 2012இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் தெளிவாகப் பேசுகிறது: ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றும் நோக்கத்துடன் வைட்டமின்களையோ தாதுச்சத்துகளையோ கொடுக்க வேண்டா என்பது அதன் அறிவுரை.

அண்மைக் காலத்தில் ஃபோலினிக் அமிலம் என்னும் மருந்தைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலமும் இதுவும் வெவ்வேறு. இதைக் கொண்டு நடந்த ஆய்வுகள் சிறியவை; பெரும்பாலும் குழந்தைகளிடம், அதிலும் பேச்சு வளர்ச்சியை அளந்து நடத்தப்பட்டவை. அவற்றைக் கொண்டு முப்பது வயதினரின் ஒலிக் கூருணர்வு குறையும் என்று முடிவுகட்ட வழியில்லை. இது மருத்துவர் சீட்டின்றி வாங்கி உட்கொள்ளத் தக்கதும் அன்று.

“எங்கள் வீட்டில் மாத்திரை கொடுத்தபின் உண்மையாகவே அமைதி வந்ததே” என்று சிலர் கூறக்கூடும். அவர்கள் கண்டதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மாத்திரை தொடங்கிய அதே வாரத்தில் திருவிழா முடிந்து ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கலாம். கோடை தணிந்து உறக்கம் சீராகியிருக்கலாம். வீட்டார் அவரைக் கூடுதல் கவனத்துடன் நடத்தியிருக்கலாம். இவற்றுள் எது பயன்தந்தது என்பதை அறிய வேண்டுமானால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நாள்தோறும் ஒரு வரி குறிப்பெழுதிப் பார்க்க வேண்டும்.

உணர்வைக் கெடுக்கும் பி6

“கொஞ்சம் கூடினால் என்ன? சிறுநீரில் போய்விடும்” என்னும் எண்ணம் பி வைட்டமின்களைப் பற்றிப் பரவலாக உள்ளது. பி6 விஷயத்தில் இது பிழை. பைரிடாக்சின் என்றும் அழைக்கப்படும் இவ்வைட்டமின் வயதுவந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 மில்லிகிராம் போதும். அன்றாட உணவிலேயே அது கிடைத்துவிடும். 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினர். நாளொன்றுக்கு 2 கிராம் முதல் 6 கிராம் வரை பல மாதங்கள் பி6 உட்கொண்ட அவர்களுக்குக் கால்களில் மரமரப்பும் நடையில் தள்ளாட்டமும் ஏற்பட்டிருந்தன. பின்வந்த ஆண்டுகளில் இதனினும் மிகக் குறைந்த அளவை நெடுங்காலம் உட்கொண்டவர்களிடமும் இதே பாதிப்பு பதிவாகியது.

அதனால் நாடுகள் எச்சரிக்கை வரம்பைக் குறைத்து வருகின்றன. அமெரிக்காவில் வயதுவந்தோருக்கான மேல்வரம்பு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதனை 12 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. ஆஸ்திரேலியாவில், நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் பி6 தரும் சத்துமாத்திரைகளின் உறையில் 2022 முதல் நரம்புப் பாதிப்பு எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும்.

பி6 மிகும்போது பாதிக்கப்படுபவை உணர்வைச் சுமந்துசெல்லும் நரம்புகள். பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல், மென்மையான தொடுதலும் தாங்க இயலாமை ஆகியன அதன் அறிகுறிகள். ஆட்டிசம் உள்ள ஒருவர் செருப்பு அணிய மறுக்கிறார், காலுறையைக் கழற்றி எறிகிறார் என்றால் வீட்டார் “கூருணர்வு அதிகமாகிவிட்டது” என்றெண்ணி மாத்திரையைக் கூட்டுவர். எந்தத் துன்பத்தைக் குறைக்க மாத்திரை தொடங்கப்பட்டதோ, அத்துன்பத்தையே அது வளர்க்கும். தம் வலியைச் சொல்லில் வடிக்க இயலாதவரிடம் இச்சுழல் மாதக்கணக்கில் தொடரக்கூடும். மாத்திரையை நிறுத்தியபின் பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறுவர். சிலருக்கு ஒரு பகுதி பாதிப்பு எஞ்சிவிடும்.

நரம்புச் சத்து மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், மெக்னீசியம் கலவை, சத்துமாவுப் பானம் என ஒவ்வொன்றிலும் பி6 சேர்க்கப்பட்டிருக்கலாம். சிலவற்றில் 3 மில்லிகிராம் இருக்கும். சிலவற்றில் அதனினும் பன்மடங்கு இருக்கும். தனித்தனியே பார்த்தால் சிறிதாகத் தோன்றுவது, கூட்டிப் பார்த்தால் பெரிதாகும். ஒரு விலக்கை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: காசநோய்க்கு ஐசோநியாசிட் மருந்து உட்கொள்வோருக்கு நரம்பைக் காக்கவே மருத்துவர் சிறிய அளவில் பி6 கொடுப்பார். அதனைத் தாமாக நிறுத்தக் கூடாது.

குறைபாடு மெய்யாக இருக்கும்போது

புலன் கூருணர்வு நாவையும் மூக்கையும் தொடுவதால் உணவும் சுருங்குகிறது. ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். பல ஆண்டுகளாக வெள்ளைச் சோறு, ஒரே வகைப் பிஸ்கட், பால் கலக்காத தேநீர் ஆகியவற்றை மட்டுமே ஏற்கிறார். எடை குறையவில்லை, ஆகவே வீட்டில் யாருக்கும் ஐயம் எழவில்லை. திடீரென ஒருநாள் நடக்க மறுக்கிறார்; ஈறில் இரத்தம் கசிகிறது. இது அடம் அன்று. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியாக இருக்கலாம். கடலோடிகளின் நோய் என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே நோய், மிகச் சில உணவுகளை மட்டுமே உண்ணும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் நம் காலத்திலும் கண்டறியப்பட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

இவ்வாறே பிற குறைபாடுகளும் புலன்களின் வழியே வெளிப்படும். வைட்டமின் பி12 குறைந்தால் கைகால்களில் மதமதப்பு, நாக்கில் எரிச்சல், நடையில் தடுமாற்றம் வரும்; நாள்பட்டால் பாதிப்பு நிலைத்துவிடும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலையில் பார்வை மங்கும், கண் உலர்ந்து வெளிச்சம் கூசும். பி2 குறைந்தாலும் கண் கூசும், வாயோரம் வெடிக்கும். துத்தநாகம் குறைந்தால் சுவை மாறும். இரும்புச்சத்து குறைந்தால் சோர்வோடு, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். பச்சரிசி, மண், பனிக்கட்டி ஆகியவற்றைத் தின்னும் விருப்பமும் எழும். வெளியுலகின் ஓசைக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு வெயில் படாததால் வைட்டமின் டி குறையும். எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் தோன்றும்.

எலும்பு வலி என்றவுடன் தருமபுரி மாவட்டத்தினர் மற்றொன்றையும் கருத வேண்டும். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதும், அதனைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது என்பதும் நாம் அறிந்தவை. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் ஆகாது. இன்றும் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் வீடுகளில், பல்லில் பழுப்புக் கறையும் மூட்டில் விறைப்பும் வலியும் காணப்பட்டால் அதற்குக் காரணம் புளோரைடாக இருக்கலாம். காரணம் அறியாமல் கால்சியமும் வைட்டமின் டியும் வாங்கிக் கொடுப்பது பயன் தராது. எந்த நீரைக் குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது தொடக்கத்தில் கூறிய வினாவுக்குத் திரும்புவோம். குழந்தைப் பருவம் முதல் மாறாமல் இருந்துவரும் கூருணர்வு அவரது இயல்பின் பகுதி. சில வாரங்களிலோ மாதங்களிலோ புதிதாக வந்த, அல்லது திடீரென மிகுந்த கூருணர்வுக்கு வேறு காரணம் இருக்கக்கூடும், தேட வேண்டும். அக்காரணம் வைட்டமின் குறைவாக மட்டுமே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒற்றைத் தலைவலியால் ஒளியும் ஒலியும் தாங்க இயலாமற் போகலாம். காதில் அழுக்கு அடைப்போ சீழோ இருக்கலாம். சொத்தைப் பல்லால் குளிர்ந்த உணவை மறுக்கலாம். தைராய்டு மிகுதியால் வெப்பம் பொறுக்காமற் போகலாம். சர்க்கரை நோயால் பாதம் எரியலாம். “ஆட்டிசம் என்றால் இப்படித்தான்” என்னும் ஒரு வாக்கியம் இவை எல்லாவற்றையும் மறைத்துவிட வல்லது. வீட்டாரும் மருத்துவரும் ஒருசேரத் தவிர்க்கவேண்டிய வாக்கியம் அது.

பிற மாத்திரைகளிலும் கவனம்

வைட்டமின் டி 60,000 அலகு கொண்ட உறைத்தூளும் குமிழ் மாத்திரையும் நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. குறைபாடு உறுதியானவருக்கு வாரம் ஒன்று என, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதுவது இது. இதனை நாள்தோறும் உட்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து, வாந்தி, மலச்சிக்கல், தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுசெல்லும். வாரத்தில் எந்தக் கிழமை என்பதை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். வைட்டமின் ஏயும் உடலில் தங்குவது. அளவு மீறினால் தலைவலி, பார்வைக் குழப்பம், கல்லீரல் பாதிப்பு நேரும். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் மருத்துவரைக் கேளாமல் அதனை மிகுந்த அளவில் உட்கொள்ளலாகாது.

ஆட்டிசம் உள்ளவர்களுள் சிலருக்கு வலிப்பு நோயும் இருக்கும். வலிப்பு மருந்துகள் சில வைட்டமின் டி, ஃபோலேட் ஆகியவற்றின் அளவைக் குறைக்கும். மறுபுறம், மிகுந்த அளவு பி6ஓ ஃபோலிக் அமிலமோ ஃபெனிடோயின் மருந்தின் அளவைக் குறைத்து வலிப்பை மீண்டும் வரவழைக்கக்கூடும். பி12 குறைவாக உள்ளவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சரியானது போலத் தோன்றும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சேராது. முடிக்காக உட்கொள்ளும் பயோட்டின் தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகளில் பொய்யான முடிவைத் தரும்.

உணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் சத்துமாத்திரைகளின் உறையில் “மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று” என்னும் பொருள்படும் ஆங்கில வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகளின்படி அவ்வாசகம் கட்டாயம். அப்பொருள் எந்த நோயையும் தீர்க்கும் என்று உறுதியளிக்க விற்பவருக்கு உரிமை இல்லை என்பதையே அது நினைவூட்டுகிறது.

பரிசோதனைக்கு வரும்போது

குறைபாட்டை உறுதிசெய்யும் வழி இரத்தப் பரிசோதனை. எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதை உணவுப் பழக்கமும் அறிகுறியும் தீர்மானிக்கும். பெரும்பாலும் இரத்த அணுக்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை, தைராய்டு ஆகியவை போதுமானவை. முடியை அனுப்பிச் சத்து அளக்கும் விலையுயர்ந்த சோதனைகள் தேவையில்லை.

ஊசியும் பரிசோதனைக்கூட வெளிச்சமும் கூருணர்வு உள்ளவருக்குப் பெருஞ்சுமை. முன்கூட்டியே தெரிவித்தால் கூட்டம் குறைந்த நேரத்தில் அவருக்கு முறை ஒதுக்குமாறு கேட்கலாம். என்ன நடக்கும், எத்தனை நிமிடம் ஆகும் என்பதை முந்தைய நாளே படமாகவோ எழுத்தாகவோ காட்டுங்கள். தோலை மரக்கச்செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். காதுக்கவசம் அணிந்தே வரலாம். பல பரிசோதனைகளுக்கு ஒரே குத்தில் இரத்தம் எடுக்குமாறு சொல்லுங்கள்.

வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை, பொடி, திரவம், சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் உறையோடு கொண்டுவாருங்கள். “சத்து மாத்திரைதானே” என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் அவர் உண்ட உணவின் பட்டியலும், கூருணர்வு எப்போது, எவ்வாறு மாறியது என்னும் குறிப்பும் இருந்தால் மருத்துவரின் பாதி வேலை முடிந்தது.

மாத்திரையும் ஒரு புலன் அனுபவமே

குறைபாடு உறுதியாகி மாத்திரை எழுதப்பட்டபின் அடுத்த தடை எழுகிறது. பி காம்ப்ளெக்ஸின் நெடி, இரும்பு மாத்திரையின் உலோகச் சுவை, மீன் எண்ணெயின் ஏப்பம் ஆகியவை கூருணர்வு உள்ளவருக்குத் தாங்கொணாதவை. பி2 உள்ள மாத்திரை சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும். இரும்பு மாத்திரை மலத்தைக் கருமையாக்கும். முன்னரே சொல்லாவிட்டால் அவர் அஞ்சி, மாத்திரையை மட்டுமன்றிக் கழிப்பறையையும் தவிர்க்கத் தொடங்கலாம். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்து நிறமும் வடிவமும் மாறினாலும் மறுப்பு வரலாம். சொட்டு மருந்து, ஊசி, மூக்கில் அடிக்கும் மருந்து எனச் சில சத்துகளுக்கு மாற்று வடிவங்கள் உள்ளன, கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மாத்திரையைப் பொடித்து அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள். சுவை மாறியதை அவர் கண்டுபிடிப்பார். அதன்பின் அவர் ஏற்றுக்கொண்டிருந்த சில உணவுகளுள் ஒன்றும் பறிபோகும். உணவு பரிமாறும் கையின்மீது இருந்த நம்பிக்கையும் குலையும். அவர் வயதுவந்தவர். தம் உடலுக்குள் செல்வது என்ன என்பதை அறியவும், விளங்கும் வகையில் கேட்டு முடிவெடுக்கவும் உரிமை உடையவர். பேசாதவரும் படத்தாலோ சைகையாலோ எழுத்தாலோ தம் விருப்பைத் தெரிவிக்க வல்லவர் என்பதை மறத்தலாகாது.

உணவின் வழியே முன்னேறுவது மெதுவானது, ஆனால் நிலைப்பது. நம் மாவட்டத்தின் கேழ்வரகு கால்சியம் நிறைந்தது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. ஆனால் கேழ்வரகிலும் பிற தானியங்களிலும் பி12 இல்லை. அதற்குப் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வேண்டும். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி மிகுதி. முருங்கைக் கீரையும் மாம்பழமும் வைட்டமின் ஏக்கு உதவும். களியின் வழவழப்பு பிடிக்காதவர் மொறுமொறுப்பான கேழ்வரகு அடையை ஏற்கலாம். ஏற்கெனவே உண்ணும் உணவுக்கு நிறத்திலும் பதத்திலும் நெருக்கமான ஒன்றைச் சிறிதளவு தட்டின் ஓரத்தில் வையுங்கள். முதலில் பார்க்கட்டும், பிறகு தொடட்டும், பிறகு முகரட்டும். உண்பது அவர் முடிவு.

கூருணர்வுக்கு எது உதவும்?

மாத்திரை உதவாது என்று கூறிக் கைவிரித்துச் செல்ல நாங்கள் விரும்பவில்லை. உதவுவன பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை செலவு குறைந்தவை. காதடைப்பானும் ஒலி குறைக்கும் காதுக்கவசமும், கண்கூச்சத்துக்குத் தொப்பியும், மினுமினுக்கும் ட்யூப்லைட்டுக்கு மாற்றாக மெல்லிய மஞ்சள் விளக்கும், கழுத்துப்பட்டை அடையாளத் துணியை நீக்கிய பழகிய பருத்திச் சட்டையும் நாள் முழுவதையும் மாற்றவல்லவை. குக்கர், மிக்சி இயக்குமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சந்தைக்குக் கூட்டம் சேருமுன் சென்று திரும்புங்கள். ஓசை மிகும்போது ஒதுங்கி இருக்க வீட்டில் ஒரு மூலையை அவருக்கென விடுங்கள். உறக்கம் கெட்டால் கூருணர்வு மிகும். ஆகவே உறக்கத்தைக் காப்பதும் சிகிச்சையே. தொழில்வழிச் சிகிச்சையாளர் அவரது புலன் தேவைகளை அளந்து, அவருக்கேற்ற திட்டம் வகுத்துத் தருவார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனி வகையாக ஏற்றுள்ளது. வயதுவந்தபின்னும் மதிப்பீடு செய்து சான்றிதழ் பெறலாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் உள்ள நிரமயா காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. மேல்சிகிச்சைக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. மனச்சோர்வோ பதற்றமோ மிகுந்தால், ஆட்டிசம் உள்ளவரும் பராமரிப்பவரும் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

இவ்வாரம் ஒரு சிறு வேலையைச் செய்யுமாறு வேண்டுகிறோம். வீட்டிலுள்ள எல்லாச் சத்துமாத்திரைகளையும் ஒரு மேசைமீது எடுத்துவையுங்கள். ஒவ்வொன்றிலும் பைரிடாக்சின் எவ்வளவு, வைட்டமின் டி எவ்வளவு என்று தாளில் எழுதிக் கூட்டுங்கள். அவற்றை எழுதிக்கொடுத்தவர் யார், எந்தப் பரிசோதனையின் பேரில், எத்தனை நாளுக்கு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அக்கட்டம் வெறுமையாக இருக்கும் மாத்திரைகளே மருத்துவரிடம் முதலில் காட்டவேண்டியவை. காலில் எரிச்சல், மரமரப்பு, தள்ளாட்டம் ஆகியவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள். அத்தாளையும் கையோடு கொண்டுவாருங்கள்.